மூன்றாம் ஓலை

குருநகர்,
21.02.1984

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி றோசுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகம். மணற்காட்டில் நீயும் செபநாயகமும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல காரியம் சொல்ல எழுதுகிறேன். எங்கள் பெர்னடெட்டுக்கும் உன் மச்சாள் லூர்த்தம்மாவின் மகன் கனிசியசுக்கும் கலியாணம் செய்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஏழு மாதமாக எங்கள் வீட்டில் நின்று அத்தானின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற பிள்ளை, உன் புருஷனின் மருமகன், எங்களுக்குப் புதியவன் இல்லை. பெர்னடெட்டுக்கு மச்சான் முறையும் வருகிறது.

விபூதிப் புதனுக்கு முதல் முடித்துவிட நினைத்தோம். மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் சொல்லிக் கலியாண ஓலை வாசிக்கவேண்டும், இரண்டு ஞாயிறுதான் மிச்சம் என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். தபசு காலத்தில் கலியாணம் இல்லை. ஆகையால் பாஸ்குத் திருநாள் கழிந்து மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து, மே பதினாறாம் திகதி தாலி. மாப்பிள்ளையின் ஊர் என்பதால் உங்கள் கோயிலிலும் வாசிப்பார்கள்.

கலியாணச் சட்டையை நீ தைத்துத் தா. கை மணிக்கட்டு வரை நீளமாக இருக்கட்டும். பிள்ளை அப்படித்தான் ஆசைப்படுகிறாள். அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல், தையல் வகுப்புக்குப் போகாமல் நிற்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. நீ அவசரப்பட்டு வெளிக்கிடத் தேவையில்லை.

உன் அக்கா,
அருமைநாயகி

மணற்காடு,
27.02.1984

என்ரை அக்காவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் கடிதத்தை வாசித்து வளவுக்குள் நின்று நான் கத்தின கத்தில், காயப்போட்ட கருவாட்டில் இருந்த காகம் முழுவதும் எழும்பிப் பறந்துவிட்டது. இவர் என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தார். லூர்த்தம்மா மச்சாளுக்கும் சந்தோஷத்தில் புழுகம்தான். இனி அவவும் நீங்களும் சம்பந்திகள். நடுவில் நான் எந்தப் பக்கம் இருந்து சாப்பிடுவது?

ஆனாலும் அக்கா, கோபிக்காதீர்கள், என்ன இந்த அவசரம்? மார்கழியில் நத்தாருக்கு நான் வந்து நின்றபோது பெர்னடெட் என்ன சொன்னாள்? “சின்னம்மா, தையல் பாஸ்பண்ணி மெசின் ஒண்டு எடுத்து என்ரை காலிலை நிண்டபிறகுதான் மாப்பிள்ளையின்ரை முகத்தைப் பாப்பன்” என்றாள். இரண்டு மாதத்துக்குள் மெசினும் வந்துவிட்டதா, முகமும் பார்த்துவிட்டாளா?

கனிசியஸ் கொஞ்சம் சேட்டைக்காரன்தான். பெட்டைகளின் பின்னலைப் பிடித்து இழுக்கிறதும் பகிடி விடுகிறதும் வயசுக்கோளாறு. கலியாணம் கட்டினால் அடங்கிவிடுவான்.

மணிக்கட்டு வரை கையா? மே மாத வெயிலுக்குப் பிள்ளை அவிந்துபோவாள். எதற்கும் அளவை அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அளந்தால் எனக்குத் தெரியும், சாக்குத் தைப்பதுபோல இருக்கும்.

அத்தானுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

றோஸ்

குருநகர்,
09.03.1984

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நீங்களும் சித்தப்பாவும் சுகமாயிருக்க வேண்டும். என் சுகத்தைக் கீழே எழுதுகிறேன். இதை அம்மா வாசிக்கவில்லை. தையல் வகுப்பு சிஸ்டர் தபாலில் போடுகிறா.

அளவு அனுப்பவில்லை. எனக்கு அந்தச் சட்டை வேண்டாம்.

போன மாதம் பதினாறாம் திகதி மத்தியானம், வலைக்கொட்டிலில் நிற்கிற கனிசியசுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்படி அம்மா சொன்னா. கொண்டுபோனேன். சோற்றை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவன் கதவைச் சாத்தினான். வேண்டாம் என்றேன். மூன்று தரம் சொன்னேன், நல்ல ஞாபகம். பிறகு வாயை அமத்தி, வலைக்கயிற்றால் கையைக் கட்டினான். “கெடுத்துவிட்டான்” என்று வீட்டில் குசுகுசுக்கிறார்கள். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் கெடவில்லை. அவன் என்னைப் பலவந்தம் செய்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கேட்டது: “நீ ஏன் உள்ளுக்கை போனனி?” அப்பா சொன்னது: “மச்சான் முறைதானே, அந்நியன் இல்லையே. கட்டிவைச்சால் சரி.” கனிசியஸ் தலையைக் குனிந்துகொண்டு “நான் கட்டுறன்” என்றான். அந்த நிமிஷத்தில் இருந்து அவன்தான் வீட்டில் நல்ல பிள்ளை. முதல் கோப்பை சோறு அவனுக்கு. நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நீங்கள் கோபக்காரி என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கோபப்படுங்கள், சின்னம்மா.

பெர்னடெட்

மணற்காடு,
14.03.1984

அக்கா,

நான் சுகம் விசாரிக்கப்போவதில்லை. பிள்ளை எழுதிவிட்டாள். எழுதினதற்கு அவள்மேல் கைவைத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் அடுத்த பஸ்சில் நான் அங்கே நிற்பேன்.

ஏன் உள்ளே போனாய் என்று கேட்டீர்களாமே. சோற்றைக் கொடுத்து அனுப்பினது ஆர், ஆண்டவரா? மச்சான் முறை என்று அத்தான் சொன்னாராமே. மச்சான் முறை என்றால் என்ன, காணி உறுதிப் பத்திரமா? முறை இருந்தால் வாசலில் வந்து நின்று பெண் கேட்கலாம். கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டுவதற்குப் பெயர் முறை இல்லை.

அத்தானிடம் ஒன்று கேளுங்கள். அவரின் வள்ளத்தை ஒருவன் களவெடுத்துக்கொண்டு போய், பிடிபட்ட பிறகு “நானே வைச்சிருக்கிறன்” என்று சொன்னால், நல்ல பொடியன் என்று தட்டிக்கொடுத்து வலையையும் சேர்த்துக் கொடுப்பாரா? வள்ளத்துக்கு நியாயம் தெரிகிற மனிசனுக்கு மகளுக்குத் தெரியாமல் போனது எப்படி?

எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது, அக்கா. அவனை இன்றைக்கே வீட்டைவிட்டு அனுப்புங்கள். ஓலைக்குப் பெயர் கொடுத்திருந்தால் திருப்பி எடுங்கள்.

றோஸ்

குருநகர்,
24.03.1984

யேசு மரி சூசை துணை

தங்கச்சி றோசுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். நீங்கள் சுகமாயிருங்கள்.

உனக்குப் பெண்பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒரு மகனும் கொழும்பில். எனக்கு இவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். நாளைக்கு அவர்களைக் கேட்டு வருகிறவன் முதலில் மூத்தவளைப்பற்றித்தான் விசாரிப்பான். இந்தத் தெருவில் ஒரு வீட்டில் கறி கருகினால் பத்து வீட்டுக்குத் தெரியும். அவள் சத்தம் போடவில்லை என்று ஒருவர் சொல்வார், அவள் சிரித்துக் கதைக்கிறவள்தானே என்று இன்னொருவர் சொல்வார். எத்தனை வாயை நான் மூடுவேன்? செய்தவன் கட்டுகிறேன் என்று நிற்கிறான். அதுவும் சொல்லாமல் ஓடுகிறவர்கள் எத்தனை பேர். தாலி ஏறினால் எல்லாம் மறந்துபோகும்.

நீ என்னை மட்டும் குற்றம் சொல்லாதே. போன ஆடியில் நீ எழுதின கடிதம் என் பெட்டிக்குள் கிடக்கிறது. எடுத்து வாசித்தேன். “அக்கா, கனிசியசை உங்களிடம் அனுப்புகிறோம். தங்கமான பிள்ளை. கொஞ்ச நாள் எங்கள் கடற்கரையை விட்டுத் தள்ளி நிற்பது அவனுக்கு நல்லது” என்று எழுதியிருக்கிறாய். ஏன் நல்லது என்று அப்போது நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன்.

அக்கா

குருநகர்,
20.04.1984, பெரிய வெள்ளி

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகமாயிருக்கிறீர்களா? ஊரடங்கு எடுத்து ஒரு கிழமை ஆகிறது. கடையெல்லாம் திறந்துவிட்டார்கள். தபாற்காரன் தெருவில் வருகிறார். உங்கள் கடிதம் மட்டும் வரவில்லை. அம்மா உங்களிடம் ஏதோ கேட்டு எழுதினாவாம், அதற்குப் பிறகுதான் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களாம். “பாத்தியே, உன்ரை சின்னம்மாவும் அவ்வளவுதான்” என்கிறா.

வருகிற ஞாயிறு பாஸ்கு. அதற்கு அடுத்த ஞாயிறு முதலாம் ஓலை.

உங்களுக்குக் கோபம் முடிந்துவிட்டதா?

பெர்னடெட்

மணற்காடு,
25.04.1984

அன்பான பெர்னடெட் பிள்ளைக்கு,

நான் சுகமாயில்லை. ஊரடங்கைச் சாட்டாகச் சொல்லலாம், சொல்லமாட்டேன். உன் அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எழுதக் கை வரவில்லை.

போன வருஷம் அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமை. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி யசிந்தா என்று ஒரு பெட்டை. உன் வயதுதான். கோயிலில் பாட்டுக்கு முதல் குரல் எடுக்கிறவள். சவுக்கங்காட்டுக்குச் சருகு பொறுக்கப் போனவள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். கனிசியஸ் என்றாள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? தனியே ஏன் காட்டுக்குப் போனவள் என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பொடியன் சேட்டை விட்டிருப்பான், இதைப் பெரிசாக்காதேங்கோ” என்று அவள் தாயின் கையைப் பிடித்துச் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

பிறகு நானும் சித்தப்பாவும் கதைத்து, ஊர் வாய் ஆறும்வரை அவனைக் குருநகருக்கு அனுப்புவோம் என்று முடிவெடுத்தோம். கண்டிப்பான வீடு, திருந்திவிடுவான் என்று நினைத்தேன். அந்த வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டு தங்கமான பிள்ளை என்று எழுதினேன். யசிந்தா அதற்குப் பிறகு கோயிலில் பாடவில்லை. பத்து மாதமாக அவள் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

உனக்கு நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஓலை இங்கேயும் வாசிப்பார்கள். நான் எங்கள் சுவாமியிடம் போய் யசிந்தாவின் கதையைச் சொல்லப்போகிறேன். லூர்த்தம்மா என் வாசல் மிதிக்கமாட்டா, சித்தப்பா என்ன செய்வாரோ தெரியாது. போகட்டும்.

உன் சின்னம்மா,
றோஸ்

குருநகர்,
30.04.1984

சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. மன்னிப்பைப்பற்றிப் பிறகு பார்ப்போம். இப்போது எனக்கு நேரம் இல்லை.

நேற்று முதலாம் ஓலை வாசித்தார்கள். சுவாமி என் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். “இவர்களுக்குள் விவாகத்தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் சுவாமியாருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று வாசித்து முடித்தார். பூசை முடிந்ததும் நானே போய், எனக்குச் சம்மதம் இல்லை, எனக்கு இப்படி நடந்தது என்று சொன்னேன். சுவாமி அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டார். அப்பா சிரித்தார். “கலியாணப் பயம், சுவாமி. எல்லாப் பெட்டையளுக்கும் வாறதுதான். கட்டமாட்டன் எண்டதுக்காகக் கதை கட்டுறாள்” என்றார். அம்மா பக்கத்தில் நின்றா. வாய் திறக்கவில்லை. சுவாமி விசாரிக்கிறேன் என்றார்.

சின்னம்மா, நீங்கள் யசிந்தாவைக் கேட்டீர்களா? அவளிடம் கேட்காமல் அவள் பெயரை எந்தச் சுவாமியிடமும் சொல்லக்கூடாது. என்னைக் கேட்காமல் என்னைப்பற்றி எல்லாரும் கதைத்தார்கள், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்காவது ஓலை வாசிக்கிறார்கள், தடை சொல்ல மூன்று ஞாயிறு இருக்கிறது. அவளுக்கு ஒரு ஞாயிறும் கிடைக்கவில்லை.

முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நான் வேறு வழி பார்ப்பேன். என்ன வந்தாலும் மே பதினாறாம் திகதி நான் “ஓம்” சொல்லப்போவதில்லை.

பெர்னடெட்

மணற்காடு,
07.05.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலைப் பெர்னடெட்டிடம் வாங்கி வாசியுங்கள். அவளுக்கு எழுதிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

யசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவள் நிலத்தில் இருந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்க முதலே, “றோசக்கா, இப்பதான் வழி தெரிஞ்சதோ?” என்றாள். நாக்கைப் பிடுங்குவதுபோல இருந்தது. அப்படியே அவளுக்கு முன்னால் மணலில் இருந்துவிட்டேன். பெர்னடெட்டின் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். “எனக்கு நடந்ததை நானே சொல்லுறன். நீங்கள் சொன்னால் அது ஊர்க்கதை” என்றாள்.

இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நாங்கள் வெளிக்கிட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். “எனக்கும் தெரியும்தானே, நானும் வாறன்” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிசன் எனக்குச் சொன்ன சொல்லில் அதுதான் பெரிய சொல்.

யசிந்தா சுவாமிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று எல்லாம் சொன்னாள். நாங்கள் மூடிமறைத்ததை நாங்கள் சொன்னோம். சுவாமி ஒன்று சொன்னார், அக்கா, அதை அப்படியே எழுதுகிறேன்: “பயத்தாலை, பலவந்தத்தாலை ஒரு பிள்ளை சொல்லுற ஓம் கோயிலுக்கு ஓம் இல்லை.” உங்கள் சுவாமிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

லூர்த்தம்மா படலையில் நின்று மண் அள்ளித் தூற்றிவிட்டுப் போனா. போகட்டும், மணற்காட்டில் மண்ணுக்கா பஞ்சம்?

ஆனால் யசிந்தா சொன்னது அவளுக்கு நடந்தது. உங்கள் வீட்டில் நடந்ததற்குப் பெர்னடெட்டின் வாய்ச்சொல் இருக்கிறது, அதை அத்தான் பொய் என்கிறார். உங்கள் சுவாமி மறுபடி கூப்பிடுவார். அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் என்ன கண்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குக் கேட்க உரிமையும் இல்லை. அவர் கேட்பார். மூன்றாம் ஓலைக்கு ஆறு நாள் இருக்கிறது.

றோஸ்

குருநகர்,
14.05.1984

யேசு மரி சூசை துணை

அன்புள்ள றோசுக்கு,

நாங்கள் சுகம். பெர்னடெட்டும் சுகம் என்று இம்முறை பயமில்லாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் சுவாமி கூப்பிட்டார். அத்தான் முன்போல, கலியாணப் பயம் என்றார். சுவாமி என்னைப் பார்த்து, “அம்மா, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?” என்றார். முப்பது வருஷமாக ஞாயிறு ஞாயிறு அந்த ஓலையைக் கேட்டிருக்கிறேன், அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று. அது ஊராருக்குச் சொல்கிற சொல் என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன், றோஸ். “சுவாமி, அண்டைக்கு என்ரை பிள்ளை வீட்டை வரேக்கை இரண்டு மணிக்கட்டிலையும் கயிறு அறுத்த காயம் கிடந்தது. நான்தான் எண்ணெய் பூசினன். கலியாணச் சட்டைக்கு நீளக்கை வேணுமெண்டு தங்கச்சிக்கு எழுதினதும் நான்தான். பிள்ளை ஆசைப்படேல்லை. ஆக்கள் பாக்கக்கூடாதெண்டு நான் எழுதினன்.” என் மகளின் காயத்தை நான் பார்த்த அன்றே அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏன் உள்ளே போனாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வி இனி என் சாவு வரைக்கும் என்னோடு இருக்கும்.

அத்தான் எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாளாக வள்ளத்தடியில்தான் சாப்பாடு. கனிசியசின் பெட்டியைத் தூக்கி வெளியே ஒழுங்கையில் வைத்தது நான். அவன் எடுத்துக்கொண்டு போனான். பொலிசுக்குப் போவதா என்று பெர்னடெட்டும் யசிந்தாவும் கதைத்து முடிவெடுப்பார்களாம், நாங்கள் வாய் வைக்கக்கூடாதாம். சரி என்றேன்.

நேற்று மூன்றாம் ஓலை. நானும் மூன்று பிள்ளைகளும் முன் வரிசை வாங்கில் இருந்தோம். சுவாமி இரண்டு சோடியின் பெயரை வாசித்தார். எங்கள் பெயர் வரவில்லை. பின்னால் சனம் குசுகுசுத்தது. பலர் எட்டிப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிடக் கை போனது. பெர்னடெட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முக்காட்டை இழுக்கவில்லை.

கீழே அவள் ஏதோ எழுதவேண்டுமாம்.

அக்கா

சின்னம்மா, இன்றைக்குத் தையல் வகுப்புக்குப் போய்வந்தேன். சட்டைக்கு எடுத்த துணி உங்களிடம் கிடக்கும்தானே. அளவு அனுப்பமாட்டேன், துணியை அனுப்புங்கள். நானே வெட்டி நானே தைக்கிறேன். கை முழங்கைக்கு மேலே. கயிற்றுத் தழும்பு இன்னும் மெல்லிசாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

யசிந்தாவிடம் கேட்டு அவளின் அளவை அனுப்புங்கள். துணி இரண்டு பேருக்கும் தாராளமாகக் காணும்.

பெர்னடெட்